கேட்போர் என்னும் உறுப்பு: வால்ட் விட்மனின் குடும்பக் கடிதங்களும் போர்க் கவிதையும்

செய்யுளுக்குரிய 34 உறுப்புகளைத் தொகுத்துரைத்த தொல்காப்பியர், கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றை அடுத்தடுத்து வைத்தார். செய்யுளைக் கூறுவோர் உளர் என்று சொல்லி அவர் அமைந்தாரல்லர். அதனைக் கேட்போரையும் செய்யுளின் உறுப்பாகவே எண்ணினார். இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கேட்பவர் மாறின் சொல் மாறும். சொல் மாறின் பொருளின் நிறமும் மாறும். எனினும், இக்காலத் திறனாய்வில் கூற்றுப் பெற்ற இடத்தைக் கேட்போர் பெறவில்லை. கவிஞன் யாவன், அவன் கொள்கை யாது, அவன் பட்டறிவு எத்தகையது என்று வினவும் நாம், அவன் யாருக்குச் சொல்லிச் சொல்லித் தன் மொழியைப் பழக்கிக் கொண்டான் என்று வினவுவது அரிது.

இவ்வினாவிற்கு விடை காணக் கடிதங்கள் பெரிதும் துணை செய்யும். கடிதம் கேட்போர் இன்றி ஒரு வரியும் நடவாது. ஆயினும், எழுத்தாளரின் கடிதங்களை ஆராய்வோர் இருவகைப் பிழைக்கு உள்ளாகின்றனர். ஒருசாரார் அவற்றை வாழ்க்கை வரலாற்றிற்குச் சான்று தரும் குறிப்புகளாக மட்டும் கொள்வர். மற்றொரு சாரார் அவற்றை இலக்கியத்திற்குப் புறம்பான வீட்டுப் பேச்சாக ஒதுக்குவர். இவ்விரு பிழையையும் விலக்கி, அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் (1819–1892) குடும்பத்தார் உள்நாட்டுப் போருக்கு முன்னும் போரின்போதும் எழுதிக்கொண்ட கடிதங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விட்மன் தமிழுலகுக்குப் புதியவர் அல்லர். பாரதியார் அவரைப் பற்றி உரைநடையில் எழுதி, அவர் பாட்டின் புதுமையை எடுத்துக்காட்டினார். ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதை முயற்சிக்கு விட்மனின் 'புல்லின் இதழ்கள்' தூண்டுதலாயிற்று. ஆனால் நாம் அறிந்த விட்மன் உரத்த குரலினர். உலகனைத்தையும் விளித்துப் பாடுபவர். அவருடைய போர்க் கவிதைகளுட் சிறந்தவற்றில் ஒலிக்கும் தாழ்ந்த குரல் எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குடும்பமும் கடிதமும்

விட்மனின் தந்தையார் தச்சர். 'புல்லின் இதழ்கள்' முதற்பதிப்பு வெளிவந்த 1855 சூலையிலேயே அவர் காலமானார். அன்னையார் லூயிசா (1795–1873) மிகுதியாகக் கல்வி பெறாதவர். அவருடைய கடிதங்களில் நிறுத்தக் குறிகள் அரியன. எழுத்துப் பிழைகள் பல. ஆனால் ஒரு வீட்டின் முழு வாழ்வும் அவற்றுள் இருக்கின்றது. மக்களுள் ஜெஸ்ஸி மூத்தவர், வால்ட் இரண்டாமவர். மேரி, ஹன்னா என்னும் பெண்மக்கள் மணம்புரிந்து வேற்றூரில் வாழ்ந்தனர். ஆண்ட்ரூ, ஜார்ஜ், ஜெஃப் என்னும் தம்பியர்க்குப் பின் பிறந்த எட்வர்ட் உடலாலும் அறிவாலும் குறையுற்றவர். அன்னையின் காவலிலேயே வாழ்ந்தவர்.

போருக்கு முற்பட்ட கடிதங்களுள் 1848ஆம் ஆண்டின் கடிதங்கள் குறிப்பிடத்தக்கவை. அவ்வாண்டு பிப்ரவரியில், நியூ ஆர்லியன்சு நகரத்துச் செய்தித்தாள் ஒன்றிற் பணிபுரிய விட்மன் சென்றார். பதினான்கு வயதினரான ஜெஃபும் உடன் சென்றார். வீட்டிற்குக் கடிதம் எழுதும் பணி பெரும்பாலும் அச்சிறுவரையே சார்ந்தது. புதிய நகரின் காட்சிகளை எழுதுவதோடு, வீட்டிலிருந்து மறுமொழி வரவில்லையே என்று அவர் மீண்டும் மீண்டும் வருந்துகின்றார். அந்நகரம் அடிமை வாணிகத்தின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நாட்டை இருகூறாக்கிய சிக்கல் அந்நகரத் தெருவிலேயே கண்ணுக்குப் புலனாகிக் கிடந்தது. ஆயினும் சிறுவரின் கடிதத்தை இயக்குவது நாட்டுச் சிக்கலன்று. அன்னை நலமா என்னும் ஒரே வினாவே. பின்னர்ப் போர்க்காலத்தில் இக்குடும்பத்தார் எழுதிய கடிதங்கள் அனைத்திற்கும் இவ்வினாவே அடிப்படையாதலைக் காணலாம்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. 'புல்லின் இதழ்கள்' வெளிவந்தபோது தாம் அந்நூலைப் புரட்டிப் பார்த்ததுண்டெனினும் படிக்கவில்லை என்றும், படிக்கத்தக்கதாக அது தமக்குத் தோன்றவில்லை என்றும், அன்னையின் கருத்தும் ஏறத்தாழ அதுவே என்றும் ஜார்ஜ் பிற்காலத்தில் கூறினார். அண்ணனின் கவிதையில் உவகை காட்டியவர் ஜெஃபே. ஆகவே, உலகோரை எல்லாம் தன் கேட்போராகக் கொண்ட கவிஞருக்குத் தம் வீட்டார் பெரும்பாலும் கேட்போர் ஆகவில்லை. கவிதையைப் படியாத அதே வீடு, கடிதத்தை மட்டும் ஆவலோடு எதிர்நோக்கியது. இம்முரண் இக்கட்டுரையின் கருத்துக்கு அடிநிலையாகும்.

தம்பியின் உரை

1861இல் போர் மூண்டதும் ஜார்ஜ் படையிற் சேர்ந்தார். முதலிற் குறுகிய காலப் பணிக்கும், பின்னர் நியூயார்க்கின் 51ஆம் தொண்டர் படைப்பிரிவுக்கும் சென்றார். ரோனோக் தீவு, நியூபெர்ன், இரண்டாம் புல் ரன், ஆண்டீட்டம் எனப் பல களங்களைக் கண்டார். அவர் அன்னைக்கு எழுதிய கடிதங்களில் அணிநலம் இல்லை. எங்குச் சென்றோம், எவ்வளவு நேரம் நின்றோம், யார் வீழ்ந்தனர், ஊதியம் எப்போது வரும், வீட்டிற்கு எவ்வளவு பணம் அனுப்பலாம் என்பனவே பொருள். மகனை இழக்க அஞ்சும் தாய்க்கு மகனே எழுதுங்கால் மிகைச்சொல் கொடுமையாம். உண்மையை மறைத்தலும் கூடாது. உள்ளவாறே முழுதும் உரைத்தலும் கூடாது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நடையைப் போர்வீரர் ஒருவர் தம் தேவையால் கண்டு கொண்டார்.

இதே காலத்தில் கவிஞரின் குரல் யாதாயிருந்தது? 1861 செப்டம்பரில் வெளிவந்த 'முழங்குக முரசுகாள்' என்னும் பாடல், திருமண வீட்டிலும் உழவர் வயலிலும் கோயிலிலும் போர் புகுந்து அனைத்தையும் நிறுத்த வேண்டும் என்று அறைகூவுகின்றது. முதியோர் வேண்டுகோளும் தாயர் மன்றாட்டும் அம்முழக்கத்தில் கேளாதொழிக என்பது அதன் போக்கு. தாயின் குரலை அமிழ்த்தும் அப்பாடல் அச்சேறிய அதே இலையுதிர் காலத்தில்தான் அவர் தாய், இரண்டாம் முறை படையிற் சேரும் ஒரு மகனை வழியனுப்ப நேர்ந்தது.

1862 டிசம்பர்

1862 டிசம்பர் 13இல் பிரடரிக்சுபர்க் போரில் ஜார்ஜ் காயமுற்றார். செய்தித்தாளின் காயமுற்றோர் பட்டியலில் அவர் பெயர் 'விட்மோர்' எனப் பிழைபட அச்சாகியிருந்தது. அதனைக் கண்ட வால்ட் 16ஆம் நாளே புறப்பட்டார். வழியில், பிலடெல்பியாவில், பணப்பை களவு போயிற்று. வாசிங்டன் நகரத்து மருத்துவமனைகளிலெல்லாம் தேடியும் காணாது, இறுதியில் வர்ஜீனியாவின் பால்மத் பாசறையில் 19ஆம் நாள் தம்பியைக் கண்டார். காயம் சிறியதே, குண்டின் சிதறல் ஒன்று கன்னத்தைத் தாக்கியிருந்தது. வால்ட் புறப்பட்ட அதே 16ஆம் நாள், தாடையில் சிறு கீறல்தான், நலமாக உள்ளேன் என்று ஜார்ஜ் அன்னைக்குத் தாமே எழுதியிருந்தார்.

இப்பயணத்தை அன்னைக்கு விரித்துரைத்து விட்மன் எழுதிய டிசம்பர் 29ஆம் நாட்கடிதம் அவர் உரைநடையில் ஒரு திருப்பமாகும். அதன் அமைப்பை நோக்குக. பணம் களவு போனதும், இருநாள் அலைந்ததும், தம்பியைக் கண்டு மகிழ்ந்ததும் முதலில் வருகின்றன. பின்னர், பாசறையில் முதலிற் கண்ணிற்பட்டவற்றுள் ஒன்றாக, மருத்துவமனையாக்கப்பட்ட மாளிகையின் முன் மரத்தடியில் வெட்டப்பட்ட கால் கைகள் குவிந்து கிடந்ததை உரைக்கின்றார். அக்குவியலை வருணித்து நிற்காமல், இத்தகைய காட்சிகளின் நடுவே சில நாள் வாழ்ந்த பிறகு நாம் துன்பம் என்று பேசுவன எவையும் பேசத்தக்கனவாகத் தோன்றவில்லை என்று மேற்செல்கின்றார்.

இதே குவியல் 1875–76இல் வெளியான அவருடைய போர்க் குறிப்புகளிலும், 1882இல் வெளியான நாட்குறிப்பு நூலிலும் இடம்பெறுகின்றது. ஆங்கு அதன் அளவு, ஒற்றைக் குதிரை வண்டிக்கு ஒரு பாரம் என்று கணக்கிடப்படுகின்றது. பொதுமக்களாகிய கேட்போர்க்கு அளவு வேண்டும். அவர்கள் சான்று கேட்பவர்கள். அன்னையாகிய கேட்போர்க்கு அளவு வேண்டா. அக்குவியலில் தன் மகனின் உறுப்பு இல்லை என்பதே வேண்டும். ஆகவேதான் கடிதத்தில் ஜார்ஜின் நலம் முன்னரும், குவியல் பின்னரும் வைக்கப்பட்டன. இவ்வைப்புமுறை அழகு கருதி அமைந்ததன்று. கேட்போர் கருதி அமைந்தது. ஆயினும், சொல்லின் அடக்கம் இரண்டிற்கும் பொதுவாக நிற்கின்றது. 1861இன் முழக்கத்தை எழுதியவர், அச்சத்தோடு காத்திருக்கும் ஒரு தாய்க்கு எழுத அமர்ந்தபோது அவ்வடக்கத்தைக் கைக்கொண்டார் என்பது ஒருதலை.

வீடும் மருத்துவமனையும்

வாசிங்டனில் தங்கிய விட்மன், அலுவலக வேலை நேரம் போக, மருத்துவமனைகளில் வீரர்களைக் காணச் சென்றார். போர்க் காலத்தில் 600 முறைக்கு மேல் சென்றதாகவும், 80,000 முதல் 1,00,000 வரை நோயுற்றோரிடையே உலவியதாகவும் அவரே பின்னர் மதிப்பிட்டார். ஜெஃப் அப்போது புரூக்ளின் நீர்வழங்கு பணியில் பொறியாளர். அவர் தம்முடன் பணிபுரிவோரிடம் சிறுசிறு தொகை திரட்டிக் கடிதத்தோடு அனுப்பினார். அப்பணம் பழமாகவும் புகையிலையாகவும் எழுதுதாளாகவும் அஞ்சற்றலையாகவும் வீரர் கையை அடைந்தது. எனவே, ஒரு குடும்பத்தின் கடிதம் பிற குடும்பங்களின் கடிதங்களுக்கு வழியாயிற்று. எழுத இயலாத வீரர்க்கு விட்மனே கடிதம் எழுதிக் கொடுத்தார். இறந்தவரின் பெற்றோர்க்கும் எழுதினார். 1863 ஆகஸ்டில், குடற்காய்ச்சலால் இறந்த இளைஞர் ஒருவரின் பெற்றோர்க்கு அவர் எழுதிய நெடுங்கடிதம், அம்மகனின் இறுதி நாட்களைப் பொறுமையாக, நாள் வாரியாக, கண்டது கண்டவாறு கூறுகின்றது. தாய்க்கு எவை தெரிய வேண்டும் என்பதனை அவர் தம் தாய்க்கு எழுதியே அறிந்தார்.

அன்னை கேட்போராக மட்டும் இருந்தாரல்லர், காப்பாளராகவும் இருந்தார். 1863 மார்ச்சு 31இல் எழுதிய கடிதத்தில், தம் தாள்களும் கையெழுத்துப் படிகளும் சிதறாமல் உள்ளனவா என்று விட்மன் வினவுகின்றார். நீலத்தாள் உறையிட்ட 'புல்லின் இதழ்கள்' படியும், 'முரசொலிகள்' என்னும் சிறு கையெழுத்துச் சுவடியும் பேணப்பட வேண்டும் என்று குறிப்பிட்டு வேண்டுகின்றார். அந்நீல உறைப் படியே 1865இல் அவருடைய அரசுப் பணிக்கு ஊறாயிற்று என்பது வேறு வரலாறு. கவிதையை விரும்பிப் படியாத அன்னையின் வீட்டில், சமையலுக்கும் வாடகைக் கவலைக்கும் இடையே, போர்க் கவிதைச் சுவடி கிடந்தது. ஒரு மறுப்பும் ஈண்டு எழலாம். 'முரசொலிகள்' 1863 தொடக்கத்திலேயே சுவடியாக இருந்ததெனின், அக்கவிதைகளுட் சில மருத்துவமனைப் பட்டறிவுக்கும் கடிதங்களுக்கும் முற்பட்டன அல்லவா? ஆம். 1865இல் அச்சான நூலில் முழக்கப் பாடல்களும் தாழ்குரற் பாடல்களும் கலந்தே உள்ளன. கடிதமே கவிதைக்குக் காரணம் என்று யாம் கூறவில்லை. மருத்துவமனை பொருளைத் தந்தது. கடிதம் அப்பொருளைக் கூறும் முறையைப் பழக்கியது என்பதே எம் துணிபு.

வேற்றுக் கையெழுத்து

இத்துணிபுக்கு உரைகல்லாக நிற்பது 'வயலினின்று வாரும் தந்தையே' என்னும் கவிதை. ஓகையோ நாட்டு உழவர் வீடு. இலையுதிர் காலத்தின் செழிப்பு. மகனிடமிருந்து கடிதம் வந்துள்ளது என்று மகள் தந்தையையும் தாயையும் அழைக்கின்றாள். தாய் உறையைப் பிரிக்கின்றாள். மகன் பெயர் உள்ளது, கையெழுத்து அவனுடையதன்று. காயம் பட்டது, மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், விரைவில் தேறுவான் என்னும் சொற்கள் தனித்தனியே அவள் கண்முன் மிதக்கின்றன. வீட்டார் தேறுதல் கூறிக்கொண்டிருக்கும் அப்பொழுதே மகன் இறந்துபட்டான் என்று கவிஞர் நமக்கு மட்டும் உரைக்கின்றார்.

அவ்வேற்றுக் கையெழுத்து யாருடையது என்று கவிதை கூறவில்லை. கடிதங்களைப் படித்தவர் அதனை எளிதில் அறிவர். அஃது விட்மன் நாள்தோறும் மேற்கொண்ட பணியின் கையெழுத்து. ஆயினும் அவர் தம்மை எழுதியவர் இடத்தில் வைக்காமல், படிக்கும் தாயின் இடத்தில் நின்று பாடினார். படுக்கையருகே அமர்ந்து எழுதியவர், அக்கடிதம் பிரிக்கப்படும் சமையலறையைக் கண்டார். பெயர் பிழைபட்ட ஒரு பட்டியலைத் தம் வீட்டார் கண்டு கலங்கிய டிசம்பர் நாளை அறிந்தவர்க்கே இஃது இயலும்.

கடிதத்தின் பொருள் கேட்போர் மாற மாறும் என்பதனைத் தமிழர் நன்கு அறிவர். சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவியின் முடங்கலைக் கோசிகமாணி கொணர்ந்து தருகின்றான். தன் பிழை பொறுக்குமாறு அவள் எழுதியதைப் படித்த கோவலன், அச்சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டியவற்றுக்கும் பொருந்துதல் கண்டு, அம்முடங்கலையே அவர்பால் உய்க்கின்றான். எழுத்து மாறவில்லை, கேட்போர் மாறினர், காதற் கடிதம் மகனின் மன்னிப்புக் கடிதமாயிற்று. விட்மன் கவிதையிலும் ஒரு முடங்கலே ஈரிடத்துப் பொருள் தருகின்றது: தாய்க்கு நம்பிக்கை, நமக்கு இறப்பு. இருவேறு நாட்டுக் கவிஞரும் கேட்போர் என்னும் உறுப்பைக் கொண்டே அவலத்தை ஆக்கினர்.

எச்சம்

கேட்போரைக் கூறிய தொல்காப்பியர் எச்சத்தையும் உறுப்பாக எண்ணினார். இக்கடிதத் தொகுதியின் எச்சம் துயர் மிக்கது. 1863 நவம்பரில் விட்மன் புரூக்ளின் வந்து தங்கினார். தம்பி ஆண்ட்ரூ தொண்டை நோய் முற்றிக் கிடந்தார். டிசம்பர்த் தொடக்கத்தில் விட்மன் வாசிங்டன் திரும்பினார். 3ஆம் நாள் ஆண்ட்ரூ இறந்தார். அடக்கத்திற்கு அண்ணன் வரவில்லை. அவ்விறப்பை அன்னை அவருக்கு எழுதிய கடிதம் இத்தொகுதியிலேயே மிக வலிமை வாய்ந்த பகுதிகளுள் ஒன்று. குறியிடாத, நிறுத்தமில்லாத அவ்வுரையில் ஒரு மகனின் இறுதி இரவு அணுவணுவாகக் கூறப்படுகின்றது. அயலார் மக்களின் இறப்பை அவர்தம் பெற்றோர்க்கு எழுதிவந்தவர், தம் உடன்பிறந்தாரின் இறப்பைக் கடிதத்தில் படிக்க நேர்ந்தது. எழுதுவோர் கேட்போராயினார், கேட்போர் எழுதுவோராயினார். மூத்தவர் ஜெஸ்ஸி மனநோயுற்று வீட்டில் அச்சம் விளைத்ததும், 1864 டிசம்பரில் வால்ட் அவரை மனநோய் மருத்துவ இல்லத்தில் சேர்த்ததும் இக்காலத்தனவே.

இவை பற்றிப் போர்க் கவிதை பேசவில்லை. கவிஞரைக் குறைகூற இதனைக் காட்டினோம் அல்லோம். போர்வீரரின் இறப்பைப் பாட நாடு இடமளித்தது. நோயாலும் குடியாலும் நலிந்த ஒரு தம்பியின் இறப்பைப் பாட அக்காலக் கவிதையில் துறை இல்லை. அதற்கு இடந்தந்தது அன்னையின் கடிதமே. உள்நாட்டுப் போர் என்னும் தொடரில் 'உள்' என்பதன் முழுப்பொருளைக் காண வேண்டுவோர் கவிதையோடு அமையாது கடிதத்தையும் கற்றல் வேண்டும்.

இங்குப் பதிப்பு வரலாறும் நம்மைத் தடுத்துள்ளது. அன்னைக்கு விட்மன் எழுதிய கடிதங்கள் 1898லேயே நூலாயின. ஜார்ஜின் போர்க் கடிதங்கள் 1975லும், ஜெஃபின் மனைவி மார்த்தாவின் கடிதங்கள் 1977லும், ஜெஃபின் கடிதங்கள் 1984லும் நூலுருப் பெற்றன. அன்னையின் கடிதங்கள் பிற்காலத்தில் விட்மன் ஆவணத் தொகுப்பின் மின்பதிப்பாகவே பரவலாகக் கிடைக்கலாயின. கூற்று முதலிலும் கேட்போர் இறுதியிலும் அச்சேறினமையால், திறனாய்வும் நெடுங்காலம் ஒருபுறக் கடிதத்தையே படித்தது. மறுமொழியின்றிக் கடிதத்தைப் படிப்பது வினாவின்றி விடையைப் படிப்பது போலாம்.

பெட்டியுள் கிடந்த கவிதை

1864 செப்டம்பர் 30இல், வர்ஜீனியாவின் பாப்ளர் குரோவ் அருகே நடந்த போரில், ஜார்ஜ் தம் படைப்பிரிவினருடன் சிறைப்பட்டார். அவருடைய பெட்டி டிசம்பர் 26இல் வீடு வந்து சேர்ந்தது. அவர் உயிரோடுள்ளாரா என்பதனை அறியாத வீட்டார் அதனைத் திறந்தனர். ஆடைகளோடு ஒரு நாட்குறிப்பும் இருந்தது. நாள், ஊர், பாசறை, போர் என்னும் வெறும் பட்டியலே அது. அதனைக் கண்ட விட்மன், இவ்வறண்ட பட்டியலுள் போரின் முழுமையான கவிதை ஒன்று மடிந்து கிடக்கின்றது என்றும், அதனைக் காணக் கற்பனையும் வேண்டா என்றும் தம் குறிப்பேட்டில் எழுதினார். மறுநாள், கைதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் அவருடைய வேண்டுகோள் நியூயார்க் செய்தித்தாளில் வெளியாயிற்று. ஜார்ஜ் 1865 பிப்ரவரியில் விடுதலை பெற்று, ஆனபோலிசு நகரினின்று அன்னைக்குத் தம் கையாலேயே எழுதினார்.

அண்ணனின் நூலைப் படிக்கத்தக்கதன்று என்று மூடிய தம்பியின் பட்டியலில், அவ்வண்ணன் தாம் எழுத இயலாத பெருங்கவிதையைக் கண்டார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. வீட்டார் கவிதையைக் கற்கவில்லை. கவிஞர் வீட்டாரிடம் கற்றார். 'முரசொலிகள்' நூலின் தாழ்குரற் பாடல்களுக்கு உரை காண்போர், கவிஞரின் கொள்கை நூல்களைத் தேடுமுன், புரூக்ளின் வீட்டிற்கு வந்த கடிதங்களையும் அவ்வீட்டினின்று சென்ற கடிதங்களையும் ஒருங்கு வைத்துப் படித்தல் கடனாகும். அங்ஙனம் படிப்பார்க்கு, கேட்போரைச் செய்யுளின் உறுப்பெனக் கூறிய பழைய நெறி, இன்றும் பயன்படும் திறனாய்வு நெறியே என்பது இனிது விளங்கும்.